அமெரிக்க நாவலில் யதார்த்தமும் இயற்பண்பும்: பட்டப்பின் வகுப்பில் அவற்றைப் பயிலுமாறு

ஆங்கில இலக்கியத்தைப் பட்டத்துக்குப் பயின்ற மாணவனொருவனை, அமெரிக்க நாவலின் வரலாறு யாதெனக் கேட்போமாயின் அவன் சில வாக்கியங்களில் விடை கூறி முடிப்பான். போருக்கு முன் கோதோணும் மெல்வில்லும் எழுதியவை கற்பனை நவிற்சிப் புனைகதைகள். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஹவல்ஸ், ஹென்றி ஜேம்ஸ், மார்க் ருவெயின் ஆகியோர் யதார்த்த நெறியைத் தோற்றுவித்தனர். 1890களில் ஸ்ரீபன் கிறேன், பிராங் நொறிஸ், தியடோர் டிறைசர் ஆகியோர் அந்நெறியை மேலும் கடுமையாக்கி இயற்பண்பு நெறியாக மாற்றினர். இவ்விடை பரீட்சைக்குப் போதும். பிழையென்று தள்ளுதற்கும் இல்லை. ஆயின் பட்டப்பின் வகுப்பிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆசிரியர் இதனைக் கலைத்துப் போடுவார். யதார்த்தமென்று எதனைச் சொல்கிறாய்? அது எவர் கண்ட யதார்த்தம்? உன் கையிலுள்ள நூல் ஆசிரியன் எழுதியவாறே உள்ளதா? இவை போன்ற வினாக்கள் அங்கே எழும். அவை எங்ஙனம் எழுகின்றன, அவற்றுக்கு விடை தேடும் மாணவன் எவற்றைப் பயில்கின்றான் என்பவற்றை எம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் அறியுமாறு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதலிற் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். யதார்த்தவாதம், இயற்பண்புவாதம் என்னும் தொடர்கள் ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாக வழங்கிவருவன. எம்மவருட் பலர் அவற்றை மார்க்சியத் திறனாய்வின் வழிநின்று பொருள்கொண்டனர். ஹங்கேரிய அறிஞர் லூக்காச் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துரைத்தலையும் விவரித்தலையும் வேறுபடுத்தினார். யதார்த்தவாதி சமுதாயத்தின் உள்ளோட்டத்தை நிகழ்ச்சிகளின் வாயிலாக எடுத்துரைப்பவன் என்றும், இயற்பண்புவாதி வெளித்தோற்றங்களை நுணுக்கமாக விவரிப்பதோடு அமைபவன் என்றும் அக்கொள்கையைச் சுருக்கிக் கூறலாம். அவ்வளவுகோலின்படி இயற்பண்புவாதம் யதார்த்தவாதத்தினும் தாழ்ந்தது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு அமெரிக்க நாவலுக்குட் புகும் மாணவன் இடர்ப்படுவான். அமெரிக்கத் திறனாய்வில் இயற்பண்பு என்பது புகைப்படம்போல் வெளித்தோற்றத்தைப் பிடித்துவைப்பதன்று. பரம்பரை, சூழல், வேட்கை, தற்செயல் முதலிய ஆற்றல்களின் பிடியில் மனிதன் எத்துணை அகப்பட்டிருக்கிறான் என்னும் வினாவே அது. உயர்வு தாழ்வு பற்றிய முடிவு அச்சொல்லினுள் அடங்கியிருக்கவில்லை.

இனி, அவ்வினா அந்நாட்டில் அக்காலத்தில் எழுந்தமைக்குரிய காரணத்தைக் காண்போம். 1869இல் இருப்புப்பாதை கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நிறைவுற்றது. 1871இற் பெருந்தீயால் அழிந்த சிக்காகோ மீண்டும் எழுந்தது. 1870இல் அந்நகரின் குடித்தொகை ஏறத்தாழ 3 இலட்சம். 1900இல் ஏறத்தாழ 17 இலட்சம். முப்பது ஆண்டுகளில் ஒரு நகரம் இவ்வாறு பெருகுமாயின், அங்கு அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்பதை எவரும் அறியார். உடையைக் கொண்டு, பேச்சைக் கொண்டு, கையிலுள்ள பணத்தைக் கொண்டு ஒருவரையொருவர் ஊகித்தறிய வேண்டியதாயிற்று. கிராமத்தில் எல்லோரையும் எல்லோரும் அறிவர். அங்கே யதார்த்தத்தை எழுதிக் காட்டவேண்டிய தேவை குறைவு. அறியாதார் நடுவே வாழ நேர்ந்தவர்களுக்கே அத்தகைய நாவல் வேண்டப்பட்டது.

அந்நாவல்கள் முதலில் நூல்வடிவில் வெளிவந்தன அல்ல. பெரும்பாலானவை மாத சஞ்சிகைகளில் தொடராக வந்தன. பட்டப்பின் வகுப்புகளில் மாணவருக்குக் காட்டுதற்கு மிக வாய்ப்பான சான்று நியூ யோர்க்கில் வெளிவந்த செஞ்சுரி என்னும் சஞ்சிகையின் 1885ஆம் ஆண்டு பெப்ரவரி இதழ். ஹவல்ஸின் 'சைலஸ் லப்பமின் உயர்ச்சி' அதில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஹென்றி ஜேம்ஸின் 'பொஸ்ரன் மக்கள்' அவ்விதழிலேதான் தொடங்கிற்று. மார்க் ருவெயினின் 'ஹக்கிள்பெரி பின்' நூலிலிருந்து ஒரு பகுதியும் அதிலேயே வெளியாயிற்று. அவற்றோடு உள்நாட்டுப் போரிற் படைநடத்தியவர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகளும் அச்சஞ்சிகையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அக்கட்டுரைகளைப் பின்னர்ப் படித்தறிந்த இளைஞர் ஒருவர், தாம் பிறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்ட அப்போரைக் கண்ணாற் கண்டவர்போல் எழுதினார். அவரே ஸ்ரீபன் கிறேன். நூல் 1895இல் வெளிவந்த 'தீரத்தின் செஞ்சின்னம்'. வரலாற்று நூல்கள் தனித்தனி அதிகாரங்களில் வைக்கும் நால்வரையும் அச்சஞ்சிகையின் பழைய தாள்களில் ஒருங்கே காண்கிறோம். பாடநூல் வகுத்த பிரிவுகள் எத்துணைப் பிற்பட்டவை என்பதை இதனினும் தெளிவாக எவ்விரிவுரையும் உணர்த்தாது.

ஹவல்ஸைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் இன்று அவரைப் படிப்போர் குறைவு, பழிப்போர் மிகுதி. 1837இற் பிறந்த இவர் 1871 முதல் 1881 வரை அற்லாண்டிக் மாத இதழின் ஆசிரியராக இருந்தார். 1886 தொடக்கம் 1892 வரை ஹாப்பர்ஸ் சஞ்சிகையில் மாதந்தோறும் இலக்கியக் கட்டுரை எழுதினார். அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1891இல் வெளிவந்தது. உயிருள்ள வெட்டுக்கிளியை விட்டு, கம்பியாலும் அட்டையாலும் செய்து வண்ணம் பூசிய இலட்சிய வெட்டுக்கிளியைப் பார்த்து எழுதுமாறு இளம் எழுத்தாளருக்குக் கற்பிக்கின்றனரே என்று அவர் அதில் நகையாடினார். அவர் கொள்கையின் சாரம் அதுவே. ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் மாணவர் நினைவுக்கு வருவது வேறொன்று. தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி 1886 செப்டெம்பரில் எழுதிய கட்டுரையில், அமெரிக்க வாழ்வின் முகமலர்ந்த பக்கமே அந்நாட்டுக்கு மிகவும் இயல்பானது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அவ்வொரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, வறுமையையும் வன்முறையையும் காண மறுத்த கண்ணியவான் என்று அவரை ஒதுக்கிவிட்டனர்.

பட்டப்பின் மாணவன் இங்கே ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும். 1886 மே 4ஆந் திகதி சிக்காகோவில் ஹேமார்க்கற் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டமொன்றிற் குண்டு வெடித்தது. எறிந்தவன் யாரெனத் தெளியப்படாமலே எண்மர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 1887 நவம்பரில் அவர்களுட் சிலரைத் தூக்கிலிடும் நாள் நெருங்கியபோது, அவர்களுக்காகக் கருணை வேண்டி நியூ யோர்க் ரிறிபியூன் பத்திரிகையிற் பகிரங்கக் கடிதம் எழுதியவர் இதே ஹவல்ஸ்தான். அந்நாட்டில் அவருக்கு ஒப்பான புகழ் வாய்ந்த பிற எழுத்தாளர் எவரும் அவ்வாறு முன்வந்திலர். நவம்பர் 11இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1890இல் அவர் வெளியிட்ட 'புதிய செல்வங்களின் ஆபத்து' என்னும் பொருள்படும் நாவலில் நியூ யோர்க் தெருவண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதிலே நிகழும் கொலையும் வருகின்றன. ஆகவே அவ்வொரு வாக்கியத்தை எழுதியவரும், கடிதத்தை எழுதியவரும், நாவலை எழுதியவரும் ஒருவரே என்பதை மனத்திற்கொண்டே அவரை மதிப்பிடல் வேண்டும். ஒருவர் கொள்கையை ஓராண்டில் எழுதிய ஒரு வரியில் அடக்கிவிடலாகாது என்பதைப் பயிலுதற்கு ஹவல்ஸ் நல்ல களம்.

ஹென்றி ஜேம்ஸைப் பற்றி இங்கே அதிகம் கூறோம். அவர் தனியே ஒரு பாடநெறிக்கு உரியவர். 1881இல் வந்த 'ஒரு பெருமாட்டியின் ஓவியம்' நாவலை அவர் பிற்காலத்தில் தம் நியூ யோர்க் பதிப்புக்காக மிகவும் திருத்தி எழுதினார் என்பதும், எப்பதிப்பைப் படித்தோம் என்று சொல்லாமல் அந்நாவலைப் பற்றி எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஏற்கமாட்டார் என்பதும் போதும். மார்க் ருவெயினின் 'ஹக்கிள்பெரி பின்' கைப்பிரதியிலோ, நெடுங்காலம் காணாமற்போயிருந்த முற்பகுதி 1990இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வீட்டின் பரணிலிருந்து கிடைத்தது. அதன்பின் அந்நாவலைப் பற்றி நிலைபெற்றிருந்த பல முடிவுகள் மீள ஆராயப்பட்டன.

இயற்பண்பு நெறிக்கு வருவோம். இதன் மூலம் பிரான்சில் உள்ளது. குளோட் பேர்ணாட் என்னும் உடலியல் அறிஞர் 1865இற் பரிசோதனை மருத்துவத்தைப் பற்றி எழுதிய நூலை முன்மாதிரியாகக் கொண்டு, 1880இல் எமில் சோலா நாவலும் ஒரு பரிசோதனையே என வாதித்தார். இன்ன பரம்பரையிற் பிறந்த மனிதனை இன்ன சூழலில் வைத்தால் என்ன நிகழும் என்று காண்பதே நாவலாசிரியன் தொழில் என்றார். அமெரிக்க எழுத்தாளர் இதனை அப்படியே பெற்றுக்கொண்டனர் என்று பாடநூல்கள் கூறும். ஆனால் சோலாவின் சீடர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள விரும்பிய பிராங் நொறிஸ், 1896இல் எழுதிய கட்டுரையிற் சோலாவைக் கற்பனை நவிற்சியாளர் என்றே வகுத்தார்! ஹவல்ஸின் யதார்த்தம் அயல்வீட்டாரின் அன்றாட அலுவல்களோடு நின்றுவிடும். இயற்பண்பு நெறியோ பயங்கரமும் குருதியும் பெருநிகழ்ச்சிகளும் நிறைந்தது. எனவே அது யதார்த்தத்தின் தொடர்ச்சியன்று என்பது அவர் வாதம். 1899இல் வந்த அவரது 'மக்ரீக்' நாவலில் ஒரு பல்வைத்தியன் மெல்ல மெல்ல விலங்குநிலைக்கு இறங்கி, மனைவியைக் கொன்று, பாலைவனத்தில் ஒரு பிணத்தோடு பிணைக்கப்பட்ட நிலையில் முடிகின்றான். அந்நூலைப் படித்தவர் எவரும் நொறிஸ் கூறியதில் உண்மையில்லை என்னார். யதார்த்தம் முற்றி இயற்பண்பாயிற்று என்ற நமது தொடக்க விடை இவ்விடத்தில் தளர்ந்துபோகிறது.

டிறைசரின் 'சிஸ்ரர் கெரி' 1900இல் வெளிவந்தது. அதில் ஒரு காட்சியே இப்பாடத்தின் மையமென்று நாம் கருதுகிறோம். ஹேர்ஸ்ற்வூட் என்பவர் சிக்காகோவில் ஓர் உயர்தர மதுச்சாலையின் முகாமையாளர். மனைவி மக்கள் உடையவர். கெரி என்னும் இளம் பெண்மீது மையல் கொண்டவர். ஓரிரவு கடையைப் பூட்டும் வேளையில் இரும்புப் பெட்டகம் பூட்டப்படாமல் இருப்பதைக் காண்கிறார். உள்ளே பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட பணம். எடுக்கிறார், எண்ணுகிறார், மீள வைக்கிறார். வைத்தபின் பிழையான பெட்டிகளில் வைத்துவிட்டதைக் கண்டு மறுபடி வெளியே எடுக்கிறார். பணம் கையில் இருக்கும்போதே பெட்டகத்தின் கதவு பூட்டிக்கொள்கிறது. அவர் களவெடுத்தாரா? எடுக்க எண்ணினார் என்பது உண்மை. எடுக்கலாகாது என எண்ணினார் என்பதும் உண்மை. முடிவுசெய்தது அவரோ பூட்டோ என்பதை ஆசிரியர் சொல்லவேயில்லை. அன்றிரவே அவர் கெரியைப் பொய் சொல்லி அழைத்துக்கொண்டு புகைவண்டியேறுகிறார். பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பியபின்னும் அவரது வாழ்வு நியூ யோர்க்கிற் படிப்படியாகச் சரிந்து பிச்சையிலும் தற்கொலையிலும் முடிகின்றது. கெரியோ நாடகமேடையிற் புகழ் பெறுகின்றாள்; அவள் செய்த குற்றத்துக்குத் தண்டனையுமில்லை, அவள் பெற்ற புகழுக்குத் தக்க தகுதியும் பெரிதாக இல்லை. 1900ஆம் ஆண்டு வாசகரை அச்சுறுத்தியது இதுவே.

இக்காட்சியைப் படிக்கும் எம் மாணவன், இது எமது ஊழ்வினைக் கொள்கையன்றோ என்று எண்ணக்கூடும். நன்கு ஆராய்ந்தால் இரண்டும் ஒன்றல்ல என்பது புலனாகும். சிலப்பதிகாரத்தில் கோவலன் குற்றமின்றிக் கொலையுண்டானாயினும், முற்பிறப்பில் அவன் செய்த வினை இன்னதென மதுராபுரித் தெய்வம் வந்து கண்ணகிக்கு உரைக்கின்றது. அங்கே ஒரு கணக்கு உண்டு; வினை செய்தவனே அதன் பயனை நுகர்கின்றான். சைவசித்தாந்தத்தில் அக்கணக்கை அறிந்து பயனை ஊட்டுவிப்பவனும் உண்டு. டிறைசரின் உலகில் பூட்டு விழுகின்றது; கணக்கெழுதுவார் எவருமில்லை. ஹேர்ஸ்ற்வூட்டின் சரிவை விளக்கப்புகுந்த டிறைசர், மனத்துயரம் குருதியில் நச்சுப் பொருள்களைத் தோற்றுவிக்கும் என்று எல்மர் கேற்ஸ் என்பவர் அக்காலத்திற் கூறிய கொள்கையைத் துணைக்கழைக்கிறார். அக்கொள்கை இன்று கைவிடப்பட்டது. ஆயினும் ஒழுக்கத்தின் இடத்தில் இரசாயனத்தை வைக்கும் துணிவு அதிலே தெரிகின்றது. ஊழையும் இவ்வாற்றல்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிற் பயிலும் எம்மவர்க்குத் தகுந்த பணி; ஆனால் ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதிலும் வேற்றுமையை வரையறுப்பதிலேயே அக்கட்டுரையின் பயன் உள்ளது.

அதற்கு முன் அந்நூல் எந்நூல் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். பாடபேதம் என்பது எமக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணிற் கல்வி கற்றவர்கள் நாம். ஆயின் 1900இல் தட்டச்சிற் பொறித்து அச்சேறிய நாவலுக்குப் பாடபேதம் இருக்குமென மாணவர் எதிர்பாரார். டிறைசர் எழுதியதை அவர் நண்பர் ஆதர் ஹென்றியும் மனைவி சாராவும் படித்துத் திருத்திப் பல பகுதிகளை வெட்டினர். ஹாப்பர் நிறுவனம் நூலை ஏற்க மறுத்தது. டபிள்டே நிறுவனத்திற் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துக்கூறும் பணியில் இருந்த பிராங் நொறிஸ் அதனை மிகவும் பாராட்டியதால் அந்நிறுவனம் ஏற்றது. பின் மனம்மாறி விலக முயன்றது. ஒப்பந்தத்தை டிறைசர் விட்டுக்கொடாமையால் விளம்பரமின்றி வெளியிட்டது. அச்சான ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளில் ஐந்நூறுகூட விற்பனையாகவில்லை. டபிள்டேயின் மனைவியார் சீறியதாலேயே நூல் அமுக்கப்பட்டது என்னும் கதை டிறைசராற் பரப்பப்பட்டுப் பல்லாண்டுகள் நிலவிற்று; அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதை முதற் கருத்தரங்கிலேயே மாணவன் கற்றுக்கொள்வான்.

1981இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் கைப்பிரதியை அடிப்படையாகக் கொண்டு புதிய பதிப்பை வெளியிட்டது. வெட்டப்பட்டிருந்த ஏறத்தாழ 36,000 சொற்கள் மீளச் சேர்க்கப்பட்டன. முடிவும் வேறாயிற்று. 1900ஆம் ஆண்டுப் பதிப்பு, சாய்ந்தாடும் நாற்காலியில் அமர்ந்து இன்னும் எதையோ வேண்டி ஏங்கும் கெரியோடு முடிகின்றது. 1981ஆம் ஆண்டுப் பதிப்பு, மலிவான விடுதியறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுப் படுக்கும் ஹேர்ஸ்ற்வூட்டோடு முடிகின்றது. முன்னையது ஆறுதலில்லாவிடினும் ஒரு கனிவை எஞ்சவைக்கின்றது. பின்னையது எதனையும் எஞ்சவைக்கவில்லை. எது டிறைசருடையது? கைப்பிரதியே தூயதென்று புதிய பதிப்பாசிரியர் கருதினர். டொனால்ட் பைசர் முதலிய அறிஞர் இதனை மறுத்தனர்; வெட்டியவற்றை டிறைசரே ஏற்றுக்கொண்டார், நாற்காலிக் காட்சியும் அவர் எழுதியதே, எண்பதாண்டுகளாக வாசகர் அறிந்த நூல் அதுவே என்பன அவர்தம் நியாயங்கள். நாம் பைசரின் பக்கத்தையே சார்கின்றோம். எனினும் புதிய பதிப்பைப் படியாமல் அவ்வாறு சார்வது தகாது. இன்னொரு செய்தியும் உண்டு. விற்பனைப் பிரதிநிதியான துருவே என்பவனை அறிமுகப்படுத்தும் வரிகளிற் சில, ஜோர்ஜ் ஏட் என்னும் நகைச்சுவை எழுத்தாளரிடமிருந்து டிறைசர் எடுத்தாண்டவை. 1907ஆம் ஆண்டு மறுபதிப்பில் அவற்றை மாற்றிவிட்டார். உள்ளதை உள்ளவாறு எழுதினாரெனப் புகழப்பெற்றவர், முதன்முதல் ஓர் ஆண்மகனை வருணிக்கும்போதே பிறர் எழுத்தை நாடினார் என்பது சிந்தனைக்குரியது.

கிறேனை நாம் டிறைசரினும் மேலாக மதிக்கின்றோம். இருவரும் 1871இற் பிறந்தவர். டிறைசர் 1945வரை வாழ, கிறேன் 1900இல் 28 வயதில் மறைந்தார். 1897 ஜனவரி 2ஆந் திகதி, கியூபாவின் கிளர்ச்சியாளருக்கு ஆயுதங்கள் ஏற்றிச்சென்ற கொமடோர் என்னும் கப்பல் புளோரிடாக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிற் செய்தியாளராகச் சென்ற கிறேனும், கப்பற்றலைவரும், சமையற்காரரும், இயந்திரத்துக்கு எண்ணெயிடும் தொழிலாளியும் ஒரு சிறு தோணியில் ஏறத்தாழ முப்பது மணிநேரம் அலைந்து கரைசேர்ந்தனர். ஜனவரி 7இல் கிறேனின் செய்திக் கட்டுரை நியூ யோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. ஜூனில் 'திறந்த படகு' என்னும் சிறுகதை ஸ்கிறிப்னர்ஸ் சஞ்சிகையில் வந்தது. செய்திக் கட்டுரையிற் கப்பல் புறப்பட்டதும் நீர் புகுந்ததும் மூழ்கியதும் விரிவாக உள்ளன; தோணியிற் கழிந்த நேரம் சில வரிகளில் முடிந்துவிடுகின்றது. சிறுகதையிற் கப்பல் மூழ்கிய வரலாறே இல்லை. தோணி மட்டுமே உண்டு. ஒரே மனிதன், ஒரே நிகழ்ச்சி, இடையில் ஆறு மாதமும் இல்லை. உண்மை எது, யதார்த்தம் எது என்ற வினாவை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன் ஒரு மாலைப்பொழுதில் உணர்ந்துகொள்வான்.

கதையில் நால்வருள் வலியவன் எண்ணெய்த் தொழிலாளி. துடுப்பு வலிப்பதிலும் முன்னிற்பவன். ஈற்றில் எல்லோரும் கடலிற் குதித்து நீந்தும்போது முந்திச் செல்பவனும் அவனே. கரையோரத்தில் இறந்து கிடப்பவனும் அவனே. தக்கன பிழைக்கும் என்ற ஸ்பென்சரின் கொள்கையை இயற்பண்பு எழுத்தாளர் கதையாக்கினர் எனக் கூறுவோர் இதற்கு என் சொல்வர்? கப்பல் மூழ்குமுன் அவன் இயந்திர அறையில் இரட்டை முறை வேலை செய்திருந்தான் என்பதைக் கிறேன் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பாகச் சொல்லிவிடுகின்றார். அதனைக் கவனியாது விட்டவன் அவன் மரணத்தை விதியென்பான். கவனித்தவனோ உழைப்பின் களைப்பென்பான். ஆசிரியர் எதனையும் வற்புறுத்தவில்லை. கடல் அவர்களை வெறுக்கவுமில்லை, விரும்பவுமில்லை. ஆனால் தோணியிலிருந்த நால்வரிடையே தோன்றிய தோழமையை அவர் பொய்யெனக் கூறவில்லை. அதற்கு வெகுமதி கிடைக்குமென்றும் கூறவில்லை.

இதுகாறும் கூறியவர்கள் அனைவரும் வெள்ளை ஆடவர். பழைய பாடத்திட்டங்களும் அவ்வாறே இருந்தன. ரெபேக்கா ஹாடிங் டேவிஸ் இரும்பாலைத் தொழிலாளர் வாழ்வை 1861 ஏப்ரலிலேயே, அதாவது ஹவல்ஸ் ஒரு நாவலும் எழுதுவதற்கு முன்பே, அற்லாண்டிக் இதழில் எழுதினார். அது 1972இல் மறுபதிப்பானபோதே மாணவர் கைக்கு வந்தது. கேற் ஷொப்பனின் 'விழிப்பு' 1899இற் கண்டிக்கப்பட்டு மறக்கப்பட்டது. நோர்வே நாட்டு அறிஞர் பேர் செயர்ஸ்ரெட் 1969இல் அவருடைய நூல்களைத் தொகுத்து வெளியிட்டபின்னரே பல்கலைக்கழகங்களிற் புகுந்தது.

சாள்ஸ் செஸ்நற்றின் வரலாறு இன்னும் கூர்மையானது. கறுப்பினத்தவரான இவர் 1858இற் பிறந்தார். கிளீவ்லாந்து நகரிற் சுருக்கெழுத்தாளராக வாழ்க்கை நடத்தியவர். 1898 நவம்பர் 10இல் வட கரோலினாவின் வில்மிங்ரன் நகரில் வெள்ளையர் ஆயுதந்தாங்கி எழுந்து, முறைப்படி தெரிவுசெய்யப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்துக் கறுப்பினத்தவர் பலரைக் கொன்றனர். பத்திரிகைகள் அதனைக் கறுப்பினத்தவரின் கலகம் என்று எழுதின. செஸ்நற் அவ்விடஞ் சென்று விசாரித்தறிந்து, நகரின் பெயரை மாற்றி 1901இல் ஒரு நாவலாக்கினார். அவருடைய சிறுகதைகளை முன்னாண்டு மனமாரப் பாராட்டிய ஹவல்ஸ், இந்நாவலின் ஆற்றலை ஒப்பிக்கொண்டு, அதன் கசப்பைக் குறித்து வருந்தினார். உள்ளதை உள்ளவாறு எழுதுக என்று இருபதாண்டுகள் போதித்த ஆசான், உள்ளது கசப்பாயிருந்தபோது எழுதியவனைக் கசப்பானவன் என்றார். நூல் எதிர்பார்த்தவாறு விற்பனையாகவில்லை. 1905இல் வந்த நாவலோடு செஸ்நற்றின் நாவல்கள் அவர் வாழ்நாளில் அச்சேறுவது நின்றுபோயிற்று. 1932வரை அவர் உயிர்வாழ்ந்தார். ஹேமார்க்கற் கடிதத்தை எழுதிய ஹவல்ஸும் இந்த ஹவல்ஸும் ஒருவரே.

திறனாய்வாளரின் வழக்குகளையும் மாணவன் அறிதல் வேண்டும். 1930இல் வெளிவந்த பாறிங்ரனின் நூல் இவ்வெழுத்தாளரை அமெரிக்கச் சனநாயக உணர்வின் குரலாகக் கண்டது. லயனல் டிறில்லிங் அதனை எதிர்த்தார். 1950இல் நூலாக வந்த அவருடைய கட்டுரைகளில், டிறைசரின் கரடுமுரடான நடையை உண்மையின் அடையாளமென மன்னித்து ஜேம்ஸின் நுண்ணறிவைக் குற்றமாக்கும் மனப்பான்மையைக் கடிந்தார். 1956இல் வோல்கற், இயற்பண்பு நெறி இரு கிளையாகப் பிரிந்தோடும் ஆறு என்றார். நம்பிக்கை ஒன்று, அவநம்பிக்கை மற்றொன்று. 1980களில் வழக்கு வேறு திசையிற் சென்றது. வால்ரர் பென் மைக்கல்ஸ் 1987இல், இந்நாவல்கள் முதலாளித்துவத்தைக் கண்டிப்பன அல்ல. கெரியின் தீராத வேட்கையே சந்தையை இயக்கும் வேட்கை என்று வாதித்தார். ஏமி கப்லன் 1988இல், யதார்த்த நாவல் உள்ளதைக் காட்டும் கண்ணாடியன்று, விரைவாக மாறிய சமுதாயத்தைப் பிடித்து நிறுத்த முயன்ற உழைப்பு என்றார். கென்னத் வொறன் 1993இல் இனப்பிரிவினையையும் யதார்த்த நெறியையும் இணைத்து ஆராய்ந்தார். மைக்கல்ஸின் வாதம் கூர்மையானதேயாயினும், அதனைப் படித்தபின் ஹேர்ஸ்ற்வூட் பசியோடு பனியில் நின்ற காட்சி நினைவிலிருந்து மறைந்துவிடுகின்றது. அஃது ஒரு குறை என்பது எமது எண்ணம்.

வேலைமுறையைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்கப் பட்டப்பின் கருத்தரங்கிற் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாவலும் அதனோடு இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் படிக்கவேண்டும். பருவ முடிவில் நீண்ட கட்டுரை ஒன்று. கலாநிதிப் பட்டத்துக்குச் செல்வோர் நூற்பட்டியலொன்றைப் படித்து முடித்துத் தகுதிப் பரீட்சைக்குத் தோற்றிய பின்னரே ஆய்வேட்டைத் தொடங்குவர். கைப்பிரதிகள் பல இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. 'சிஸ்ரர் கெரி' கைப்பிரதி நியூ யோர்க் பொதுநூலகத்தில் உள்ளது. டிறைசரின் ஏனைய ஆவணங்கள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 'மக்ரீக்' கைப்பிரதியின் கதி விசித்திரமானது: 1928இல் நொறிஸின் நூல்களைத் தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பகத்தார், வாங்குவோர் மகிழுமாறு ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு கைப்பிரதித் தாளைச் செருகி விற்றுவிட்டனர். அத்தாள்களைத் தேடிச் சேர்க்கும் வேலை பின்வந்தோர்க்கு வாய்த்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் இளம் மாணவருக்கு நாம் கூறுவது இது: கிறேனின் செய்திக் கட்டுரையையும் 'திறந்த படகு' கதையையும் முதலிற் படிக்கவும், இரண்டும் சிறியவை. அடுத்துச் செஸ்நற், அதன்பின் டிறைசரின் இரு பதிப்புகளும். ஹவல்ஸை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். செஞ்சுரி, அற்லாண்டிக் ஆகிய சஞ்சிகைகளின் பழைய தொகுதிகள் இன்று மின்வடிவில் இங்கிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. ஆயின் நூலகங்களிற் கட்டிவைத்த தொகுதிகளிலிருந்து விளம்பரத் தாள்கள் பெரும்பாலும் கிழித்து நீக்கப்பட்டுள்ளன. தனியிதழாகக் கிடைக்குமிடத்துச் சவர்க்காரம், பியானோ, ஆயுட்காப்புறுதி என்பன பற்றிய அப்பக்கங்களையும் விடாது பார்த்தல் வேண்டும். கெரி கடைவீதியிற் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவை அவைதாம்.